மாமனார் பெயர் கொண்ட கோட்டை

சுற்றுலா வழிகாட்டி உரிமம் தர, இருக்கிற கோட்டைகளில் எல்லாம் அரசாங்கம் இதைத்தானா பிடிக்க வேண்டும்? சுற்றிலும் மண்கோட்டைகள் டஜன் கணக்கில் பாலைவனத்தில் கரைந்துகொண்டு நிற்கின்றன. ஆனால் பெரிசாத்துக்குத் தேர்வு வைத்தது அயாஸ் கலாவில். அவள் மாமனார் பெயர் அயாஸ்.

உஸ்பெகிஸ்தானின் கரகல்பாக் இனத்தில், வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அயாஸ் என்றால் கடுங்குளிர், கலா என்றால் கோட்டை. அதனால் கல்யாணமான இந்த ஐந்து மாதமாக அவள் வாயில் அது 'குளிர்க்கோட்டை'தான். நூக்கஸ் நகரில் வரலாறு படித்து முதல் வகுப்பில் தேறியவள். இந்த உரிமம் கிடைத்தால்தான் படிப்புக்கு ஒரு வேலை. இல்லையென்றால் அடுத்த தேர்வு அடுத்த வருஷம்.

போதாததற்கு வேன் ஓட்டி வந்ததும் மாமனார்தான். அந்தப் பக்கத்தில் மணலில் புதையாமல் வண்டி ஓட்டத் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? வேனில் கோட்டை பார்க்க வந்த ஓய்வுபெற்ற வாத்தியார்கள் பதினொரு பேர், எல்லாரும் தாடிக்காரர்கள். முன் சீட்டில் தேர்வாளர் மியேசர் அக்கா, மடியில் மதிப்பெண் தாள்.

மேட்டில் ஏறியதும் பெரிசாத் வெளுத்துக் கட்டினாள். சுடாத மண்கல் எப்படி அறுத்தார்கள், வில்லாளிகள் நின்ற இரண்டடுக்கு நடைவழி எங்கே, அம்பு விடும் சந்து ஏன் இவ்வளவு ஒடுக்கம், எல்லாம் மடமடவென்று வந்தது. வாத்தியார்கள் வகுப்புப் பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

"எல்லாம் சரி," என்றார் மியேசர் அக்கா. "கோட்டை பேரு?"

"குளிர்க்கோட்டை, அக்கா."

"அது உங்க வீட்டுப் பேரு. தாள்ல இருக்கிற பேரு?"

பெரிசாத் தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கண் மட்டும் மாமனார் பக்கம் போய் வந்தது.

"புரியுதும்மா. நானும் ஒரு வீட்டு மருமகதான். ஆனா பேரே சொல்லாத வழிகாட்டிக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு வர்றவங்க எந்தக் கோட்டையப் பார்த்தோம்னே தெரியாமப் போவாங்களே!"

அயாஸ் தொண்டையைச் செருமினார். "வெயில் மண்டையப் பொளக்குது. நான் அந்தப் பக்கம் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு மதிலோரமாக நடையைக் கட்டினார். வெயிலே இல்லை. தன் காதில் விழாத தூரத்துக்குப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாதா? நெஞ்சு இளகிப்போயிற்று.

நல்ல மனுஷர்தான், ஆனால் போன இடம் சரியில்லை. முந்தாநாள் மழை பெய்திருந்தது. ஊறிய மண்மதில் பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்தால் பொலபொலவென்று போய்விடும். மனுஷரோ மதில் மேலேயே ஏறி, விளிம்பில் நின்று, காற்றுக்கு முகம் கொடுத்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் காலடியில் முழ நீளத்துக்கு வெடிப்பு வாயைத் திறப்பதை அவள் பார்த்தாள்.

"ஐயா!" என்று கத்தினாள்.

பதினொரு தாடிக்காரர்களும் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

"ஐயா! ஐயா!"

"என்னம்மா?" என்றார் பக்கத்திலிருந்த கணக்கு வாத்தியார்.

"அயாஸ்! பின்னால வாங்க! அயாஸ்!"

அவர் திடுக்கிட்டுப் பின்னால் இரண்டு எட்டு வைத்தார். நின்ற இடம் அப்படியே சரிந்து கீழே போயிற்று. கூடவே, கையிலிருந்து நழுவிய கறுப்பு ஆட்டுத்தோல் தொப்பியும்.

பெரிசாத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டாள்.

அயாஸ் வழுக்கைத் தலையோடு இறங்கி வந்தார். "யாரு என் பேரச் சொன்னது?"

"நான்தான் ஐயா. மன்னிச்சிருங்க. எத்தன தடவ கூப்பிட்டும்..."

"உன் மாமியா என்னக் கட்டி முப்பத்தெட்டு வருஷம். 'இந்தாங்க'ன்னு கூப்பிட்டே காலத்த ஓட்டிட்டா. ஒரு பொம்பள வாயில என் பேரு எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." தலையைத் தடவிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு."

கணக்கு வாத்தியார் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும்.

"ஆனா இன்னும் முழுப் பேரு வரலியே," என்றார் மியேசர் அக்கா, பேனாவை விடாமல்.

"சொல்லும்மா," என்றார் அயாஸ். "நான் எங்கேயும் போகல. போனா தலையும் போயிரும்."

"இது... அயாஸ் கலா," என்றாள் பெரிசாத். காது மடல்வரை சிவந்துபோனாள். மியேசர் அக்கா அங்கேயே, மதிலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வேனுக்கு இறங்கும்போது மாமியாரிடமிருந்து பெரிசாத்துக்குப் போன் வந்தது. அயாஸ் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"பாஸு! என் பேரச் சொல்லித்தான் பாஸ் பண்ணினா. உசுரையும் காப்பாத்தினா. நீயும் ஒரு தடவ சொல்லிப் பாரேன்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தொப்பி இல்லாத தலையோடு, காற்றில் காத்து நின்றார்.

"இந்தாங்க," என்றது போன். "வரும்போது ரொட்டி வாங்கிட்டு வாங்க."