குருநாகல் முகவரி

டொறத்தியின் தம்பி இராயப்பு வன்னியில் போராளியாக இருந்தான். அவனுடைய கடிதம் 2009 தையில், ஜெர்மனியில் அவள் இருந்த டோர்ட்மண்ட் நகருக்கு வந்தது. வன்னியை விட்டு வெளியேறிய ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் கொழும்பில் தபாலில் போட்டிருந்தார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து வந்தவள், குளிர் மேலங்கியைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்து வாசித்தாள். அந்த அறையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

"அக்கா, ஆறு நாளாக மழை. பங்கருக்குள் முழங்காலளவு தண்ணீர். கால்தோல் ஊறி உரிகிறது. செவ்வாய் காலை ஆமி மண்ணணை வரை வந்துவிட்டது. செல் விழுந்து எனக்கு ஒரு காது அடைத்துப்போனது. பத்தடி தள்ளி ஒரு ஆமிக்காரன் அணையில் ஏறினான். சுட்டேன். அவன் உடனே சாகவில்லை. மத்தியானம் வரை என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடித்தான்.

அவனுடைய சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. சிலாபத்துப் பேக்கரியில் வேலைக்கு நின்ற காலத்தில் படித்த சிங்களம் உதவியது. அதுவும் அவனுடைய அக்காவுக்குத்தான். மழை, கால் புண், சாப்பாடு புளித்து வருகிறது என்று எழுதியிருக்கிறான். இங்கேயிருந்து அனுப்ப ஏலாது. சுவாமியாருக்கும் சொல்லவில்லை, தெரிந்தால் அவருக்கு ஆபத்து. நீங்கள் அனுப்பிவிடுங்கோ."

உள்ளே நாலாய் மடித்த இன்னொரு தாள், குருநாகல் முகவரியுடன்.

டொறத்திக்கு டோர்ட்மண்டில் பவளம் ஒருத்திதான் சிநேகிதி. போன் எடுத்துச் சொன்னாள்.

"எங்கட சனத்தைச் சுட வந்தவன்ர கடிதம் உனக்கு என்னத்துக்கு? கிழிச்சுப் போடு."

"தம்பி கேட்டிருக்கிறான்."

"சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனியோ?"

"ஓம். யோசிச்சனான்."

மறுநாள் அனுப்பினாள். 'உங்கள் தம்பி கடைசியாக என் தம்பியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்' என்று தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி, தன் முகவரியையும் வைத்தாள். யார் சுட்டது என்று எழுதவில்லை. அதன்பிறகு பவளம் பேசவில்லை. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடிக்க நிற்கையில், டொறத்தி நேரே பஸ்ஸுக்கு நடந்தாள்.

வைகாசியில் சண்டை முடிந்தது. இராயப்புவைத் தேடித்தரும்படி செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அந்த்ராக் என்ற விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். தகவல் இல்லை.

ஆவணியில் குருநாகலிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தது. வேலையிடத்துத் தாதி ஒருத்தி சொல்லி, பக்கத்து நகரமான எஸ்ஸனில் இருந்த ரங்கனி என்ற சிங்களப் பெண்ணிடம் கொண்டுபோனாள். ரங்கனி அதை ஜெர்மனில் சொன்னாள்:

"'காணவில்லை என்றுதான் ஆமி எங்களுக்குச் சொன்னது. உங்கள் கடிதத்தால்தான் பிக்குகளுக்குத் தானம் கொடுத்து அவனை வழியனுப்ப முடிந்தது. தண்ணீர் கொடுத்த உங்கள் தம்பிக்குப் புண்ணியம். அவர் வீட்டுக்கு வந்துவிட்டாரா?'"

ரங்கனி நிமிர்ந்தாள். "பதில் எழுதட்டுமா?"

"இன்னும் வரவில்லை என்று எழுதுங்கள்."

"வேறு ஏதும்?"



"சுட்டதும் என் தம்பிதான். அதையும் எழுதுங்கள்."

ரங்கனி அதையும் எழுதிக் கொடுத்தாள். ஸ்டேஷன் வாசலிலேயே டொறத்தி அதைத் தபாலில் போட்டாள். அதற்குப் பதில் வரவில்லை.