வெந்நீரில் கூடிய காயம்

"புருசன் கிட்ட வந்தால் பல்லைக் கடிக்கிறவளை வைச்சு என்ன செய்யிறது? இவளின்ரை மனசுக்கை வேறை ஆரோ இருக்கிறான்."

குசினிக்குள் அடுப்படியில் இருந்து அன்னப்பிள்ளை கத்தினாள். மருமகள் மனோகரியின் பேறு பார்க்கக் காரைநகரிலிருந்து வந்தவள், பிள்ளை நடக்கத் தொடங்கியும் திரும்பிப் போகவில்லை. முற்றத்துக் கதிரையில் இருந்த புருசன் தம்பிராசா, தாய் சொன்னதற்குத் தலையாட்டிச் சுருட்டைப் பற்றவைத்தான்.

பிள்ளை பிறந்த பிறகு, அவன் சேரும்போதெல்லாம் மனோகரிக்குக் கத்தியால் கீறுவதுபோல் நொந்தது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். பிறகு தள்ளிவிட்டாள். தள்ளியது மட்டும்தான் அவனுக்கு நினைவிருந்தது.

நேற்றுத்தான் மருத்துவிச்சி மாக்கிறேற் பார்த்துச் சொன்னாள்: "பேறிலை கிழிஞ்சது கோணலாக் கூடி இறுகிப்போய்க் கிடக்கு. நோகாமல் என்ன செய்யும்? பெரியாசுபத்திரியிலை வெட்டித் தைச்சால் சுகம் வரும். பிள்ளை பிறந்த அண்டைக்கே தைக்கோணும் எண்டு சொன்னனான், உம்மடை மாமி விட்டவவே?"

மனோகரி குசினி வாசலில் போய் நின்றாள்.

"மாமி, அண்டைக்குத் தையல் போடோணும் எண்டு மாக்கிறேற் அக்கா சொல்ல, என்ன சொன்னனீங்கள்?"

"கிழிஞ்ச சாக்கே தைக்கிறதுக்கு? நாங்களும் பெத்தனாங்கள். இலை அவிச்ச வெந்நீரை அடிச்சு வாத்தால் கூடும் எண்டனான். கூடினதுதானே?"

"ஓம், கூடினதுதான் நோகுது. நான் இண்டைக்கு மாக்கிறேற் அக்காவோடை ஆசுபத்திரிக்குப் போறன்."

தம்பிராசா எழுந்தான். "ஊருலகத்துக்கெல்லாம் காட்டப் போறியோ? வாசல் படலையைத் தாண்டினால் திரும்பி வராதை. கொம்மா வீட்டையே போ!"

மனோகரிக்குச் சிரிப்பு வந்தது. கலியாணம் முடித்த ஆம்பிளைதான் இங்கே பெண்ணின் வீட்டுக்கு வருவான். அவனும் ஒரு தகரப் பெட்டியோடு வந்தவன். தாய் வந்து வீட்டைப் பூட்டும் திறப்பை இடுப்பில் செருகிய பிறகு, அதை மறந்தே போனான்.

"நான் ஏன் போக? இது அப்பு எனக்குத் தந்த சீதன வீடு. போறது நீர்."

எப்போதும் 'நீங்கள்' என்றே சொன்னவள், அவனை ஒருநாளும் 'நீர்' என்றதில்லை. சுருட்டு அவன் கையிலேயே அணைந்தது.

கொடியில் கிடந்த, அவன் உடுக்கும் சாரங்களைச் சுருட்டித் தகரப் பெட்டிக்குள் திணித்து, படலைக்கு வெளியே வைத்தாள்.

"மாமி, திறப்பைத் தாங்கோ."

"அயல் சிரிக்கப் போகுதடி!"

"சிரிக்கட்டும். அயலுக்கே நோகுது?"

திறப்பு முற்றத்து மண்ணில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்தாள், குனியவும் நொந்தது. இருவரும் வெளியேறும்வரை நின்று கதவைப் பூட்டினாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மாக்கிறேற் காத்து நின்ற பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள்.