பேக்ஸ்பேஸுக்கு அடியில் விளைந்த முத்து

முத்தையாபுரத்தில் ஞானையா பழுது பார்த்த நாற்பத்தொரு பழைய கீபோர்டுகளிலும், பேக்ஸ்பேஸ் பட்டனுக்கு அடியில் மட்டும் முத்து விளைந்தது. முதல் முத்து கடுகளவு இருந்தது. அதைச் சங்குக்கடை ரோச்சிடம் கொண்டுபோனார். ரோச்சின் முன்னோர்கள் முத்துக் குளித்தவர்கள். அவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கடல் முத்துதான் அண்ணாச்சி. எந்தப் பாருல எடுத்தது?" என்று சிப்பி விளையும் கடல்திட்டின் பெயரைக் கேட்டார்.

"கீபோர்டுக்குள்ள."

"அங்கன உப்புத்தண்ணி நிக்குமோ?"

"தண்ணி ஏது? காத்துதான்."

"அது போதும்" என்ற ரோச், மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

ஞானையா துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் இருபத்தாறு வருடம் சரக்குச் சீட்டு அடித்தவர். ஓய்வுபெற்ற பிறகு, மூடிய அலுவலகங்களிலிருந்து பழைய இரும்புக்குப் போகும் கீபோர்டுகளைத் தேடி எடுத்துவந்தார். ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் சுருள்வில் வைத்த, கல் மாதிரி கனக்கும் அந்தக் காலத்து வகை. பட்டன்களைப் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். உப்புக்காற்று ஏற்றிய துருவைச் சுரண்டுவார். மஞ்சளித்துப்போன மேல்மூடியில் மருந்து தடவி மொட்டைமாடி வெயிலில் வைப்பார். ஒரு கீபோர்டுக்கு ஒரு மாதம் ஆகும். அவசரம் ஒன்றும் இல்லை. வீட்டில் பேச்சும் அதிகம் இல்லை.

வேலை முடிந்ததும் எல்லாப் பட்டனும் விழுகிறதா என்று பார்க்க எதையாவது அடித்தாக வேண்டும். ஞானையா "அன்புள்ள ஷாமுக்கு, அப்பா எழுதுவது" என்று தொடங்கி ஒரு பக்கம் அடிப்பார். பிறகு பேக்ஸ்பேஸையும் பார்க்க வேண்டுமே என்று, ஓர் எழுத்து விடாமல் அழிப்பார். ஷாம் அவருடைய ஒரே மகன். மேலாளரின் காலில் விழாத குறையாக அப்பா வாங்கித் தந்த ஏஜென்சி வேலையை உதறிவிட்டுக் கப்பலுக்குப் போனவன். "இனி இந்த வாசப்படிய மிதிச்சிராதல" என்றார் ஞானையா. அவர் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் மகன் கேட்டான். ஏழு வருடம் போயிற்று. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மனைவி தேவகனி மகனோடு போனில் பேசுவாள். போன் கைமாறியதே இல்லை. முத்துகளை இடுக்கியால் எடுத்து ஊறுகாய் பாட்டிலில் போட்டுவந்தார் ஞானையா.

போன ஆடியில் அவருடைய ஏஜென்சியையே மூடிவிட்டார்கள். அவர் விரல் பட்டுத் தேய்ந்த கீபோர்டு நாற்பத்திரண்டாவதாக வந்து சேர்ந்தது. சுத்தம் செய்து, வழக்கம்போல ஒரு பக்கம் அடித்தார். அழிக்கப் போனால் பேக்ஸ்பேஸ் அமுங்கவில்லை. கழற்றிப் பார்த்தார். சுண்டைக்காய் அளவு முத்து, சுருள்வில்லை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. இடுக்கிக்கு அசையவில்லை. பக்கத்தில் மவுஸ் இருந்தது, டெலீட் பட்டனும் இருந்தது. இரண்டையும் பார்த்தபடி சும்மா இருந்தார். அழித்து அழித்து அலுத்துவிட்டது.

காப்பியோடு வந்த தேவகனி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"இதத்தான் இத்தன வருசமா டெஸ்ட் பண்ணுதேன், டெஸ்ட் பண்ணுதேன்னு சொன்னியளா?"

"இன்னும் முடிக்கல."

"நீங்க முடிக்கதுக்குள்ள அவன் ரிட்டயர் ஆயிருவான். அனுப்புங்க."

மகனின் மின்னஞ்சல் முகவரியை அவளே சொன்னாள். அனுப்பினார். காப்பி ஆறியிருந்தது, அப்படியே குடித்தார்.

பதினோராம் நாள் பதில் வந்தது. "அப்பா, கப்பல்ல எனக்கு ஒரு பழைய கீபோர்டு. உங்களுக்கு எழுதிக்கிட்டு இருக்கும்போதே பேக்ஸ்பேஸ் அமுங்காமப் போச்சு. கழத்திப் பாத்தா வெள்ளையா உருண்டையா ஏதோ உக்காந்திருக்கு. எப்படிப்பா எடுக்க?"

"எடுக்காதல. அப்படியே வச்சு அடி" என்று ஞானையா எழுதினார்.

மறுவாரம் கடைவாசலில் பார்த்த ரோச், "புதுசா ஏதும் விளைஞ்சுதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இந்த வருசம் கப்பல்லயும் விளைச்சல்" என்றார் ஞானையா. ரோச் தலையாட்டிவிட்டு இரண்டு டீ சொன்னார்.