மூலை உடைந்த பல்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் போனால் போகட்டும் என்றுதான் இருந்தார் ஓய்வுபெற்ற கண்டக்டர். அவர் ஆரம்பிக்கிற பேச்சை எப்படியும் வீட்டம்மாதான் முடிப்பாள். அவர் பயமெல்லாம் விசிலைப் பற்றி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், டிரைவர் போட்ட ஒரு பிரேக்கில் கம்பியில் மோதி முன்பல்லின் மூலை உடைந்தது. அந்த இடுக்கு வழியாக ஊதினால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். ஒரு நாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்தி வந்த ஒருத்திக்காக அப்படி ஊதி வண்டியை நிறுத்தினார். ஏறியவள் நன்றிகூடச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஊதினா என்ன?" என்றாள். அவள்தான் வீட்டம்மா. அதற்கப்புறம் கடையானாலும் கூட்டமானாலும் அவளை அவர் விசிலடித்துத்தான் கூப்பிடுவார். "நான் என்ன பஸ்ஸா?" என்று அவள் எரிந்து விழாத நாளில்லை.

இப்போது அந்தப் பல் கறுத்து, ஈறு வீங்கி உயிரை எடுத்தது. கூட வந்த வீட்டம்மாவுக்கும் சேர்த்துப் பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"உள்ள நரம்பு செத்துப் பல வருஷமாச்சு ஐயா. வேர்ல சீழ் கட்டியிருக்கு. பிடுங்க வேண்டாம். பின்பக்கமா சின்ன ஓட்டை போட்டு, வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சு, மேல உறை மாதிரி ஒரு கேப் போட்டுடலாம். ஊசி சுருக்குங்கும், ரெண்டு நாள் கடிக்க வலிக்கும், அவ்வளவுதான். பல்லு புதுசு மாதிரி ஆயிடும்."

புதுசு என்றதும் அவர் நாக்கு உடைந்த மூலையைத் தேடிப் போனது. இந்த வயதில் விசில் போய்விடுமா என்று கேட்டால் சிரிக்க மாட்டார்களா? கேட்காமலே வாயைத் திறந்தார்.

சொன்னபடியே நடந்தது. ஊசி குத்தியதோடு சரி, உதடு மரத்துப்போனது. டாக்டரம்மா மெல்லிய கம்பி போன்ற அரங்களை விட்டு வேரைச் சுரண்டினார். வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் கடுத்தது. அடுத்த முறை வேரை அடைத்து, பல்லைச் சுற்றிலும் ராவி, அளவெடுத்து, தற்காலிகமாக ஒரு கேப்பை ஒட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தார். வெறும் காற்று. குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

கடைசி நாள். நிஜக் கேப்பை ஒட்டியதும் டாக்டரம்மா கண்ணாடியை நீட்டினார். அவர் பார்க்கவில்லை. வீட்டம்மா வழக்கம்போல முன்னால் படியிறங்கிப் போய்விட்டாள். பாதிப் படியில் அவர் நாக்கு தானாகப் பல்லைத் தடவியது. திரும்பி மேலே ஓடினார்.

"டாக்டரம்மா, கேப்பு உடைஞ்சிருக்கு!"

"உடையலை ஐயா. அளவெடுத்த அன்னிக்கு நீங்க வாய் கொப்பளிக்கப் போனீங்களே, அப்ப அம்மாதான் சொன்னாங்க, மூலை உடைஞ்ச மாதிரியே செஞ்சுடுங்கன்னு. ஏம்மான்னு கேட்டேன். 'கூட்டத்துல என்னை வேற யாரு கூப்பிடுவா'ன்னாங்க."

அவர் தெருவுக்கு வந்தபோது வீட்டம்மா பஸ் நிறுத்தத்துக் கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தாள். ஊதினார். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் திரும்புவதற்குமுன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஊதினா என்ன?" என்றாள்.