காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

1

ஒப்புக்கொள்கிறேன், இது பேய்க்கதையாகத்தான் ஆரம்பித்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் 2003 ஆண்டு மலரில் இரண்டு பக்கம் காலி, யாரையும் கிண்டல் செய்யாமல் எதையாவது எழுதிக் கொடு என்றார் செயலாளர் ரங்கராஜன் மாமா. அவருடைய வரவேற்புரையைப் பற்றிப் போன வருடம் நான் எழுதியதை அவர் இன்னும் மறக்கவில்லை. பேய்களில் யாரும் சங்க உறுப்பினர் இல்லை. ஆகவே பேய்.

2

முதல் தொடக்கம்: "டாலிகஞ்சில் ஒரு குழந்தையின் காதுக்குப் பின்னால் இருந்த திருஷ்டிப் பொட்டு தானாக வளர ஆரம்பித்தது."

நல்ல வாக்கியம். கற்பனை எதுவும் இல்லை என்பதுதான் குறை. குழந்தை என் அக்கா மீனாக்ஷியின் மகள் மது, இரண்டு வயது. கல்லூரிக்குப் பக்கம் என்று நான் அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். வேலைக்கு வரும் வங்காளி மாஷி, தீதி (அக்காவைத்தான் அப்படிச் சொல்வாள்) அழகாகப் பொட்டு வைத்திருக்கிறாள் என்று என்னிடம் சொன்னாள். மாஷிக்குக்கூட நம் பழக்கம் வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். அத்திம்பேர் சீதாராமன் வங்கி அதிகாரி. கையெழுத்துக் கேட்காத எதையும் அவர் பார்ப்பதில்லை.

ஆக, அதை யாருமே வைக்கவில்லை என்பது என் ஒருவனுக்கு மட்டும் தெரியும். கதை கிடைத்துவிட்டது.

3

நோட்டில் இருந்தபடியே:

ஜூலை 7, திங்கள். கடுகளவு.
செவ்வாய். மிளகு.
புதன். குளிப்பாட்டியும் அழியவில்லை. மது காதைத் தேய்த்துக்கொண்டு "பிப்ரே, பிப்ரே" என்கிறாள். வங்காள மொழியில் எறும்பு என்று அர்த்தம். தமிழைவிட வங்காளம்தான் அவளுக்கு வரும்.
வியாழன். ஆமணக்கு விதை. சாம்பல் நிறம். "பொட்டுக்குக் கால்கள் முளைத்தன." (இந்த வரிக்காக எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.)
வெள்ளி. பொட்டைக் காணோம்.

[கதாசிரியன் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். தொட்டால் கதை போய்விடும் என்று]

4

வீட்டுக்குப் பின்னால் ஒரு காட்டால் இருந்தது. எருமைகளைக் கட்டிப் பால் கறக்கும் கொட்டகையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஊருக்குள் கூடாது என்று போன மாதம் காலி செய்துவிட்டார்கள். எருமைகள் லாரியில் போயின. அங்கே படுத்துக்கிடந்த நாய்களும் பால் வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டன.

சூழல் வர்ணனை வேண்டுமே என்று சனிக்கிழமை உள்ளே போனேன். சத்தமே இல்லை. காரை பெயர்ந்த சுவருக்கு அருகே குனிந்து நின்றேன். வெடிப்புகளில் கடுகு கடுகாகக் கறுப்புப் பொட்டுகள். நான் மூச்சு விட்டேன். பொட்டுகள் வெளியே வந்தன. எல்லாம் என் பக்கமாக.

அடிக்குறிப்பு, கல்லூரி நூலகத்திலிருந்து: உண்ணி சாப்பிடாமல் ஒரு வருடம்கூடக் காத்திருக்கும். வெப்பமும் மூச்சும் வரும் திசைக்கு முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு நிற்கும். அது பரப்பும் காய்ச்சல்கள் மாட்டுக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. மனிதருக்கு வந்தால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடச் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். உண்ணி கடித்தது என்று காலத்தில் சொன்னால் சாதாரண மருந்தே போதும். சொல்லாவிட்டால்

(புத்தகத்தில் இந்த வாக்கியம் முடிந்திருக்கிறது.)

5

அடுத்த புதன்கிழமை மதுவுக்குக் காய்ச்சல். இந்த ஊரில் காய்ச்சல் என்றால் மலேரியா. இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. ஏதாவது பூச்சி கடித்ததா என்று டாக்டர் கேட்டதற்கு, ஒன்றும் இல்லையே என்றாள் அக்கா. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

இன்று சனி. காலையில் உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள். எதிர்வீட்டு சாவித்ரி மாமி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்: "அம்மாடி மீனா, அம்மை போட்டிருக்கு. ஊசி, மருந்து ஒண்ணும் கூடாது, தெரியறதா? அவளே எறங்கிடுவா." டாலிகஞ்சில் எங்கேயோ அலைந்து ஒரு கொத்து வேப்பிலையும் கொண்டுவந்துவிட்டாள். அத்திம்பேர் டாக்டருக்குப் போன் பண்ணி, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வேப்பிலைக்கு நடுவில் மது கண்ணைத் திறக்காமல் கிடக்கிறாள். காதை மட்டும் தேய்த்துக்கொள்கிறாள்.

நான் சொல்ல வேண்டியது ஒரே வரி: அது பொட்டு இல்லை, உண்ணி. அதற்கு முன்னால் இன்னொரு வரி சொல்லியாக வேண்டும்: ஐந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

முடிவுகள்:

(அ) தம்பி சொல்லிவிடுகிறான். குழந்தை பிழைக்கிறது. அக்கா மன்னிக்கிறாள். (மன்னிக்கும் இடத்தை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.)

(ஆ) தம்பி சொல்லவில்லை. காய்ச்சல் தானாகவே

(இ) கதவு திறக்கிறது.

(இ) நான் எழுதியது இல்லை. அக்கா வாசலில் நிற்கிறாள்.

"டேய், அவ காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு இருந்துதே, நீயா வெச்சே? மாஷியைக் கேட்டா, நான் வெக்கலேங்கறா."

ஆமாம் என்றால் போதும், போய்விடுவாள். மலருக்கும் இரண்டு பக்கம் நிரம்பிவிடும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? என்ன எழுதறே? காட்டு."

டாக்டருக்கு வேண்டியதெல்லாம் மூன்றாம் பகுதியில் தேதியோடு இருக்கிறது. நான் பேனாவை மூடிவிடுகிறேன். நோட்டு இப்போது, வாசகரே, உங்கள் கையில்.

அக்கா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.