ரோயீசா ஒட்டிய முத்திரை

1

இக்கதை சினத்தில் பிறந்தது. வேல்சு எல்லையில் நான் நெடுங்காலமாக வாழும் இச்சிற்றூரின் தேவாலயத்தில், நார்மானியப் பிரபு ஒருவரின் பழங்கல்லறை இருக்கிறது. அவர் பெயர், தந்தை பெயர், வென்ற கோட்டைகள் யாவும் பழுதின்றிப் பொறிக்கப்பட்டுள்ளன. அருகில் கிடக்கும் பெண் சிலையின் கீழே 'மனைவி' என்னும் ஒரே சொல். பயனிலை இல்லை! அவள் என்ன செய்தாள்? எவரும் எழுதவில்லை. ஆகவே, நான் எழுதுகிறேன். பெயர்களும் நான் இட்டவையே.

2

கோட்டை மதில்மேல் மூடுபனி கவிந்திருந்த ஒரு—

(அடித்துவிட்டேன். மூடுபனி சோம்பேறி எழுத்தாளரின் அடைக்கலம். அச்சத்துக்குத் தெளிந்த பகலே போதும்.)

தெளிந்த பகல். கடுங்குளிர். பிரபு ஒஸ்பெர்ன் கழுத்துவரை கம்பளி போர்த்துக் கட்டிலில் கிடந்தார். இறந்து இரண்டு நாளாகிவிட்டது. அவர் மனைவி ரோயீசாவையும் காரியக்காரர் வாரினையும் தவிர எவருக்கும் அது தெரியாது. ஒரே வாரிசான மகள் அமீசாவுக்குத் திருமணம். மணமகன் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்துசேர இன்னும் ஆறு நாள். அதற்குள் சாவு வெளிப்பட்டால், வழக்கப்படி அமீசாவை மணமுடித்துக் கொடுக்கும் உரிமை மன்னருக்குப் போய்விடும். மூன்று மனைவியரைப் புதைத்த கிழவன் ஒருவன் அவளை ஏற்கெனவே மன்னரிடம் கேட்டிருக்கிறான்.

3

கதவுக்கு வெளியே மன்னரின் தூதர் ரெய்னர் நின்றார்.

"என்னம்மா, பிரபுவோட கொறட்டை ஆத்துக்கு அந்தப்பக்கம்வரை கேக்குமே! இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?"

ரோயீசா கதவை மறித்து நின்றாள். "காய்ச்சலய்யா. கிட்டப் போனா ஒட்டிக்கும்."

"அய்யய்யோ, நான் உள்ள வரல. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. ராஜாவுக்கு அடங்கி நடப்பேங்கற இந்த விசுவாச ஓலையில அவரு முத்திரைய மட்டும் வெச்சுக் குடுங்க. இல்லாமப் போனா ராஜா என் தோலை உரிச்சுடுவாரு."

முத்திரைதானா! அவளுக்கு மூச்சு திரும்பியது. கதவைச் சாத்திவிட்டு, வாரின் காவலிருந்த கட்டிலருகே ஓடிப் பேழையைத் திறந்தாள். முத்திரை இரண்டு துண்டாகக் கிடந்தது.

"வாரின்! என்னய்யா செஞ்சு வெச்சிருக்கீரு?" என்று கிசுகிசுத்தாள்.

"எசமான் செத்தா முத்திரைய ஒடைக்கணும்லம்மா? செத்தவர் பேர்ல எவனும் ஓலை எழுதிடக் கூடாதுல்ல? அவங்கப்பா முத்திரையையும் இந்தக் கையாலதான் ஒடைச்சேன்."

"சாவையே மறைக்கிறோம், முறையை மட்டும் மறக்க மாட்டீராக்கும்!"

(வாரினை மூடராக்க எண்ணினேன், மனம் ஒப்பவில்லை. ஆயுள் முழுதும் ஒழுங்காக உழைத்தவரே செய்யக்கூடிய பிழை அது. நானும் செய்திருப்பேன்.)

4

முடிவு ஒன்று: ரோயீசா உண்மையைச் சொல்கிறாள், ரெய்னர் மனமிரங்கி—

(பொய். தம் தோலுக்கு அஞ்சுபவர் பிறர் மகளுக்கு இரங்கமாட்டார்.)

முடிவு இரண்டு: வாரின் சுத்தியலுடன் ரெய்னரின் பின்னால்—

(கூடாது. தூதர் திரும்பாவிட்டால் படை வரும்.)

ஆகவே, அவளே செய்தாள். துண்டுகளைச் சேர்த்து இறுகப் பிடித்து, உருகிய மெழுகில் அழுத்தினாள். உடைந்த விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. அடுத்த அறையில் அமீசா மண ஆடையைத் தைத்தபடி பாடிக்கொண்டிருந்தாள். மெழுகில் குதிரைமேல் வாளேந்திய பிரபு தெளிவாகப் பதிந்திருந்தார். குதிரையின் கழுத்துக்குக் குறுக்கே மயிரிழையளவு விரிசல்.

ஓலை கைமாறியது. ரெய்னர் அதைச் சாளரத்தருகே கொண்டுபோய் உயர்த்தினார்.

"என்னம்மா இது..."

5

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அந்த விரிசலை முதலில் கண்டவர் ரெய்னர் அல்லர், நீங்கள். அவர் இன்னும் வெளிச்சத்தில் நிற்கிறார். ரோயீசா குருதி கசியும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உங்களையே பார்க்கிறாள்.

ஆறு நாள் வாய் திறவாமலிருக்க உங்களால் முடியுமா?