மூடிய மாதத்துச் சிங்கி

கொழும்பு மேல் நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த மெரினாவுக்குத் தன் வலது கைதான் குற்றவாளி என்று தோன்றியது. உச்சமுனை மீனவர் சங்கத்தின் செயலாளர் அவள். சிங்கி இறால் வாங்கும் வெளிநாட்டுக் கம்பனியின் ஒப்பந்தத்தில் முத்திரை குத்தியது அந்தக் கைதான்.

பன்னிரண்டு மாதமும் சிங்கி தருவதாக அதில் இருந்தது. பெப்ரவரியில் சிங்கி பிடிக்கச் சட்டம் விடாது; அது சினைக் காலம். ஊரில் யாரும் அதைப் பிடி மாதமாக நினைப்பதே இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எழுதுவானேன் என்று விட்டுவிட்டார்கள்.

பெப்ரவரியில் சிங்கி போகவில்லை. கம்பனி, ஒப்பந்தத்தில் இருந்தபடி, சிங்கப்பூர் நடுவர்களிடம் வழக்கைக் கொண்டுபோனது. அங்கே ஒரு கண்ணாடிக் கோபுரத்தின் உச்சியில், கடலை மேகத்தினூடாக மட்டுமே பார்த்த மூன்று பேர் இருந்ததாக மெரினா கற்பனை செய்து வைத்திருந்தாள். அவர்கள் தாளைப் படித்து நடுத்தீர்ப்புச் சொன்னார்கள்: இனிப் பெப்ரவரியிலும் சிங்கி வர வேண்டும். அதை இங்கே நிறைவேற்றித் தரும்படிதான் கம்பனி வந்திருந்தது. நிறைவேறினால், கடலுக்குப் போகிறவனைக் கடற்றொழில் அதிகாரி பிடிப்பார். போகாதவனை நீதிமன்றம் பிடிக்கும்.

நடுத்தீர்ப்பை மறுபடி விசாரிக்க முடியாது என்றார் கம்பனியின் சட்டத்தரணி. சங்கத்துக்காக வாதாடிய புத்தளத்து நபீலா அதை மறுக்கவே இல்லை. நாட்டின் பொதுக் கொள்கைக்கு முரணான தீர்ப்பை நிறைவேற்றாமல் விடலாம் என்ற ஒரே பிரிவை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். தன் கட்டளையால் கடலுக்குப் போகிறவர்களைக் கரையில் கைது செய்வதும் இதே நாட்டின் சட்டம்தானே என்று கேட்டார். கம்பனியின் சட்டத்தரணி தாள்களைப் புரட்டினார். 

மூன்று கிழமையில் முடிவு வந்தது. நிறைவேற்ற மறுப்பு.

மெரினா நீதிமன்றப் படியில் நின்றபடியே சங்கத் தலைவரான படகுச் சம்மாட்டி அன்ரனிப்பிள்ளைக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தாள்.

“சம்மாட்டி, வெண்டிட்டம்.”

“அப்ப பெப்ரவரியில?”

“சிங்கிக்கு ஒருத்தரும் போகத் தேவையில்ல.”

“வீட்ட கிடக்கிறதுக்குக் கொழும்பு வரைக்கும் போய்ச் சண்டை பிடிச்ச ஆக்கள் நாங்கதான் பிள்ள.”

பக்கத்தில் நின்ற நபீலா சிரித்தாள். “அக்கா, இனி முத்திரை குத்த முந்தி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்க.”

பெப்ரவரி முதலாம் திகதி, உச்சமுனையில் சிங்கி வலைகளை மாதா கோயில் வேலியில் கட்டித் தொங்கவிட்டு, திருநாளைப் போலக் கடதாசிப் பூச் சுற்றினார்கள். மெரினா முழங்காலளவு தண்ணீரில் இறங்கி வலது கையைக் கடலில் நனைத்தாள். அப்பால், கடலடிக் கற்பாரின் இருட்டில், சினைச் சிங்கிகள் மகாராணிகளைப் போல நடந்துகொண்டிருந்தன.